ஒட்டிக்கொண்ட ஒன்றாம் பொத்தான்



இன்றைக்கு நான் பேசப்போகிற விடயம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். கைத்தொலைபேசியின் பட்டன் ஒட்டிக்கொண்டால் அதை எப்படித் துப்பரவாக்குவது என்பதுதான் விடயம். இதற்குமா வானொலியில் ஒரு உரை என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரே என்னிடம் கேட்டார். நான் அவருக்கு என் மாமியின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணை, நீங்கள் வந்து பேசுங்கோ" என்றார். ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமி என்றால் என் அப்பாவின் தங்கை. பியோர்ண்டாலில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு ஊர்களில். 2011ஆம் ஆண்டு தை மாதம், வெளியில் பனி முழங்கால் அளவுக்குக் கொட்டிக் கிடந்த ஒரு இரவு, இரண்டு மணியளவில் மாமிக்கு நெஞ்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மூச்சு எடுக்க முடியவில்லை. அம்புலன்சுக்கு 113 என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான்தான் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். கைபேசியை எடுத்து முதலாவது ஒன்றை அழுத்தியிருக்கிறார்.

அந்த ஒன்று உள்ளே போனது, திரும்பி மேலே வரவில்லை.

இங்கே ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பட்டன் கைபேசிகளில் ஒன்றை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் அது குரலஞ்சல் பெட்டிக்கு அழைப்பு எடுக்கும். மாமி அழுத்திப் பிடிக்கவில்லை, பட்டன்தான் தானாக அழுந்திக்கொண்டு நின்றது. ஆனால் அந்த வித்தியாசம் கைபேசிக்குத் தெரியாது. அது குரலஞ்சலுக்கு அழைத்துவிட்டது. ஒரு பெண் குரல் நோர்வேஜிய மொழியில் பேசத் தொடங்கியது. மாமி அதை அம்புலன்ஸ் என்று நினைத்துவிட்டார். தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் தன் பெயரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, நெஞ்சு நோகிறது, கெதியாக வாருங்கோ என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குரல் தன் பாட்டில் பேசி முடித்துவிட்டு நின்றுவிட்டது. மாமி கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். இருபது நிமிடம்.

அதற்குப் பிறகுதான் ஏதோ பிழை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்திருக்கிறார். அந்த வீட்டு நோர்வேஜியப் பிள்ளை அழைத்த பிறகு அம்புலன்ஸ் வர அதிக நேரம் எடுக்கவில்லை. கடவுளே என்று ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாட்கள் வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்திருந்துகொண்டு கைபேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இந்த ஒண்டு கொஞ்ச நாளா இப்படித்தான். அமத்தினால் போய் ஒட்டிக்கொண்டு நிக்குது."

"அப்ப ஏன் மாமி என்னட்டைச் சொல்லேல்லை?"

"சின்ன விசயத்துக்கு உன்னை ஏன் மினக்கெடுத்துவான் எண்டு விட்டிட்டன்."

இதுதான் எங்கள் பெரியவர்கள். கொழும்பிலிருந்து மொஸ்கோ, பேர்லின் என்று ஒவ்வொரு விமான நிலையமாகக் கடந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்த சனம், ஒரு பட்டனுக்காக எங்களை மினக்கெடுத்த விரும்பாது.

இனி ஒன்றை யோசித்துப் பாருங்கள். நோர்வேயில் தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 112, அம்புலன்சுக்கு 113. இரவு வைத்தியர் தேவை என்றால் லேகெவாக்ட், அதற்கு 2015 முதல் நாடு முழுவதற்கும் 116117. எல்லாமே ஒன்றில் தொடங்குகின்றன. முதல் இரண்டு இலக்கமும் ஒன்றுதான். கைபேசியில் மற்ற ஒன்பது பட்டனும் புதிதுபோல வேலை செய்து, இந்த ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டால், அந்த வீட்டில் அவசரத்துக்குத் தொலைபேசி இல்லை என்றுதான் அர்த்தம்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. ஊரில் ஒரு ரேடியோத் திருத்தும் கடையில் எடுபிடியாக நின்றவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வராமல் இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். நேயர்களில் பலர் அந்தச் சைக்கிளை மிதித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சனத்துக்கு ஒரு பட்டனைத் துப்பரவாக்குவது பெரிய வேலையல்ல. ஆனால் நானே முதல் தடவை பிழை விட்டேன். அதையும் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பட்டன் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ரிவி ரிமோட், கணக்குப் பார்க்கும் கல்குலேற்றர் போன்றவற்றைத் திறந்தால் உள்ளே மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். அது கரி கலந்த ரப்பர், மின்சாரத்தைக் கடத்தும். நீங்கள் அழுத்தும்போது அந்தக் கறுப்பு வட்டம் கீழே உள்ள பலகையில் இரண்டு கோடுகளைத் தொட்டு இணைக்கிறது. விட்டால் ரப்பர் தன் இழுவிசையால் மேலே வரும். கைபேசிகள் பலவற்றில் ரப்பர் விரிப்பு மேலே இருந்தாலும் கீழே வேலை செய்வது ஒரு மெல்லிய உலோகக் குமிழ். பருப்பு அளவில், கவிழ்த்த சிரட்டைபோல இருக்கும். அழுத்தினால் "டிக்" என்று உள்ளே மடிந்து நடுப்புள்ளியையும் சுற்று வளையத்தையும் இணைக்கும். விட்டால் துள்ளி மேலே வரும். அந்த டிக் சத்தம் கேட்கிறதா என்பதுதான் எங்களுக்கு முதல் சோதனை.

டிக் கேட்டும் இலக்கம் விழவில்லை என்றால் உள்ளே உள்ள தொடுபுள்ளியில் அழுக்கு. டிக் கேட்காமல் பட்டன் சவசவ என்று போய் நின்றால் ஓரத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. ஒரு தடவை அழுத்த இரண்டு மூன்று இலக்கம் விழுந்தால் தொடுபுள்ளி நடுங்குகிறது. உலோகம் உலோகத்தைத் தொடும்போது எப்போதும் ஒரு சின்ன நடுக்கம் உண்டு, கைபேசி சில மில்லிசெக்கன் பொறுத்துப் பார்த்து அதைத் தள்ளிவிடும். அழுக்குப் பிடித்தால் நடுக்கம் அந்தப் பொறுமையையும் தாண்டிப் போய்விடும். இன்னொன்று, ஒரு பட்டன் அல்லாமல் ஒரு வரிசையோ ஒரு நிரலோ முழுவதும் வேலை செய்யவில்லை என்றால் அது அழுக்கல்ல. பட்டன்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி பின்னிய மாதிரி இணைக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒரு இழை அறுந்துவிட்டது. அதைத் துடைத்துச் சரிக்கட்ட முடியாது, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மாமியின் கைபேசியில் டிக் கேட்கவில்லை. ஓரத்தைப் பார்த்தேன், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. முகர்ந்து பார்த்தேன். பால்தேத்தண்ணி.

மாமியின் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போகும், அதற்கு மேல் ரின்பால். கோப்பையையும் கைபேசியையும் ஒரே சின்ன மேசையில் வைப்பார். இதை நான் நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முன்பு கோப்பையும் ரேடியோவும்.

நான் செய்த பிழை இதுதான். வீட்டில் தொண்ணூற்றொன்பது வீத ஐசோபுரோப்பனோல் என்ற மதுசாரம் ஒரு போத்தல் வைத்திருந்தேன். மின்னணுச் சாமான் துடைக்க அதுதான் திறம் என்று எல்லோரும் சொல்வார்கள். பஞ்சுக்குச்சியில் தோய்த்துப் பட்டனைச் சுற்றித் துடைத்தேன். பத்துத் தடவை அழுத்தினேன். டிக், டிக் என்று வந்தது. பெருமையோடு மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மாமியின் மகள் பேர்கனிலிருந்து அழைத்து, அம்மாவின் ரெலிபோன் திரும்பவும் ஒட்டுதாம் என்றாள்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் குசினியில் உள்ள எவருக்கும் தெரிந்த விடயம். சீனி எதில் கரையும்? தண்ணீரில். சுத்தமான மதுசாரத்தில் சீனி அநேகமாகக் கரையாது. நான் செய்தது, ஒட்டியிருந்த சீனியை அசைத்துக் கொஞ்சம் உடைத்துவிட்டது மட்டும்தான். மாமியின் விரலில் இருந்த ஈரம் பட்டதும் அது திரும்பவும் பசையாகிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மதுசாரம். சீனி என்றால் முதலில் தண்ணீர், பிறகு தண்ணீரை வெளியேற்ற மதுசாரம். தேத்தண்ணியில் இரண்டும் இருக்கிறது, பாலில் கொழுப்பும் உண்டு. ஆகவே இரண்டும் வேண்டும். அப்போத்தெக்கில் விற்கும் எழுபது வீத மதுசாரத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால், இந்த வேலைக்குச் சில நேரம் அது தொண்ணூற்றொன்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

திரும்பவும் போனேன். இந்த முறை செய்ததை அப்படியே சொல்கிறேன், பேனை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

கைபேசியை நிறுத்தி, பின்மூடியைத் திறந்து, பற்றரியைக் கழற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு துளி ஈரமும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். பற்றரியைக் கையில் எடுத்தவுடன் அதன் வயிற்றைப் பாருங்கள். பொம்மியிருந்தால் பட்டன் வேலையை விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். குப்பையில் போடவேண்டாம், இந்த நாட்டில் மின்சாதனம் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப எடுக்கக் கடமைப்பட்டவை. பற்றரி கழற்றிய கைபேசியை முகம் கீழாகப் பிடித்து, பின்பக்கத்தில் விரலால் தட்டினால் மாவுத்தூள், விபூதி, பலகாரத் துணிக்கை எல்லாம் விழும். மாமியின் கைபேசியிலிருந்து ஒரு கடுகு விழுந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ், நல்ல மென்மையானது, காய்ந்தது. பட்டனைச் சுற்றி ஒரு வட்டம். இறுகிக் கிடப்பதை மரப் பல்லுக்குச்சியால் மெதுவாகக் கிளப்பலாம். ஊசி, குண்டூசி, கத்தி நுனி வேண்டாம், ரப்பரைக் கிழித்தால் பிறகு ஈரம் நேராக உள்ளே போகும்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் உப்புகள் இருக்கும், காய்ந்தால் வெள்ளையாகப் படியும். காருக்கு வாங்குகிற காய்ச்சி வடித்த தண்ணீர் பெற்றோல் நிலையத்தில் கிடைக்கும், அதுதான் நல்லது. பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்துப் பிழிந்துவிட வேண்டும். சொட்டக் கூடாது, ஈரமாக இருந்தால் போதும். கைபேசியை முகம் கீழாகவே பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து மேலாகப் பட்டனின் ஓரத்தைத் துடையுங்கள். அப்போது ஈரம் உள்ளே இறங்காமல் வெளியே வடியும். துடைத்துக்கொண்டே பட்டனை முப்பது தடவையாவது அழுத்துங்கள், அந்த அசைவுதான் உள்ளே இருக்கும் சீனியை வெளியே கொண்டுவருகிறது. பஞ்சு பழுப்பாகும். புதுப் பஞ்சு எடுங்கள். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை செய்ய வேண்டும். மாமியின் ஒன்றுக்கு பதினொரு குச்சி போனது. அதற்குப் பிறகு மதுசாரம் தோய்த்த குச்சியால் இரண்டு தடவை. பிறகு ஒரு இரவு முழுக்கக் காயவிட்டேன்.

காயவிடுவது பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் வீடுகளில் சொக்ஸ் முதல் அப்பளம் வரை எல்லாம் பானல் ஹீற்றரின் மேலேதான் காயும். கைபேசியை அதில் வைக்காதீர்கள். பிளாஸ்ரிக் நெளியும், உலோகக் குமிழ்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒட்டுத்தாளின் பசை இளகும். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசி உள்ளே இருக்கும் தண்ணீரை இழுத்து எடுப்பதில்லை, தன் மாவுத்தூளைத்தான் உள்ளே விடும். சாதாரண மேசையில், திறந்தபடி, ஒரு நாள். அவ்வளவுதான்.

கோப்பை முழுவதும் கவிழ்ந்து உள்ளே போய்விட்டது என்றால் கதை வேறு. அப்போது வெளியில் துடைத்துப் பயனில்லை, திறக்கத்தான் வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஒருக்கால் போட்டுப் பார்ப்போம் என்று எல்லோரும் செய்வார்கள். அந்த ஒருக்கால்தான் பலகையைக் கொல்லுவது. ஈரத்துடன் மின்சாரம் ஓடினால் செம்பும் தங்க முலாமும் அரிக்கத் தொடங்கும்.

திறப்பது பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பழைய நொக்கியாக்களை நினைக்காமல் இருக்க முடியாது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த 3310 எத்தனை வீடுகளில் இருந்தது! உலகம் முழுவதும் 12 கோடியே 60 இலட்சம் விற்றது. அதன் முன்மூடியை நகத்தால் கழற்றலாம், ரப்பர் விரிப்பு கையோடு வரும், கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். 2003இல் வந்த 1100 அதைவிட விசேஷம். தூசியும் வியர்வையும் உள்ள நாடுகளுக்காகவே அதை வடிவமைத்தார்கள், பட்டன்களுக்கு இடையில் இடைவெளியே இல்லாமல் முழு ரப்பராக மூடி, தலையில் ஒரு ரோர்ச் லைற்றும் வைத்தார்கள். 25 கோடிக்கு மேல் விற்றது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நொக்கியா ஒரு தொழிற்சாலையைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்பிள்ளைகள் அங்கே கைபேசிகளைப் பொருத்தினார்கள். 2014இல் அது மூடப்பட்டது. எங்கள் சனத்தின் கையில் இருந்த கைபேசியின் உள்ளே எங்கள் சனத்தின் விரல் பட்டிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. அது என் ஆசை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பட்டன்கள் தேய்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைபேசி அட்டைகள். உங்களுக்கு ஞாபகமிருக்கும், நாணயத்தால் சுரண்டி, ஒரு உள்ளூர் இலக்கத்தை அழுத்தி, பிறகு அட்டையின் இரகசிய இலக்கம், பிறகு 0094, பிறகு யாழ்ப்பாணத்துக்கு 21, பிறகு ஏழு இலக்கம். ஒரு அழைப்புக்கு முப்பது இலக்கத்துக்குக் குறையாது. இடையில் ஒன்று பிழைத்தால் முதலில் இருந்து. 2002 மாசியில் போர்நிறுத்தம் வந்து, சித்திரையில் ஏ9 பாதையும் திறந்த பிறகு, வருடக்கணக்காகக் குரல் கேட்காத சொந்தங்களோடு பேச ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒஸ்லோவில் எத்தனை விரல்கள் அந்தச் சுழியத்தை அழுத்தின. 2009க்குப் பிறகு சில இலக்கங்களை அழுத்துவதில் பயனில்லாமல் போய்விட்டது. அவற்றை அழிக்க மனமில்லாமல் பழைய கைபேசியை அலுமாரிக்குள் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பற்றரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளே விட்டால் அது பொம்மிக் கைபேசியைக் கெடுத்துவிடும். அத்தோடு, ஒட்டும் பட்டனோடு சிம் அட்டையின் இரகசிய இலக்கத்தை அடிக்காதீர்கள். ஒன்று இரண்டாக விழுந்து மூன்று தடவை பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும், பழைய சிம்முக்கு புக் இலக்கம் எங்கே தேடுவது? முதலில் பட்டன், பிறகுதான் இரகசிய இலக்கம்.

சரி, திறக்கும் விடயம். நொக்கியாக்கள் பலவற்றுக்கு நட்சத்திர வாயுள்ள டி6 திருகாணிச் சாவி வேண்டும். தொடங்குமுன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணிகளை ஒரு வெள்ளைக் காகிதத்தில் அவை இருந்த இடத்தின்படியே வையுங்கள், நீளம் வேறுபடும். மாரிகாலத்தில் இங்கே வீட்டுக்குள் காற்று மிகவும் காய்ந்தது. கம்பளிச் சுவெட்டரோடு கார்ப்பெற்றில் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சுள் என்று அடிக்குமே, அந்த மின்பொறி ஒரு சின்னச் சில்லைக் கொல்லப் போதும். முதலில் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்து உட்காருங்கள். மூடியைக் கத்தியால் நெம்பாமல் பழைய வங்கி அட்டையின் ஓரத்தால் திறங்கள். ரப்பர் விரிப்பை மட்டும் தனியே எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கோப்பை கழுவும் சவர்க்காரம் ஒரு துளி விட்டு, விரலால் கழுவலாம். கறுப்பு வட்டங்களைத் தேய்க்காதீர்கள், அந்தக் கரி போனால் பட்டனும் போய்விட்டது. பலகையில் உள்ள தொடுபுள்ளிகளை மதுசாரப் பஞ்சால் துடையுங்கள், பென்சில் அழிப்பானால் உரஞ்ச வேண்டாம், முலாம் மிகவும் மெல்லியது. உலோகக் குமிழ்களின் மேல் உள்ள ஒட்டுத்தாளை உரிக்கவே கூடாது. உரித்தவன் நான், ஆகவே தெரியும்.

எதைப் பாவிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் கைக்குக் கிடைத்ததை ஊற்றுகிறவர்கள். நகப்பூச்சு அழிக்கும் அசற்றோன் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். ஒருமுறை ஒரு தம்பி ரிமோட்டைத் துடைத்துவிட்டுக் கொண்டுவந்தான், அதில் இலக்கமே இல்லை, அவனுடைய விரல் அடையாளம்தான் இருந்தது. கைக்குப் பூசும் கிருமிநாசினி ஜெல்லில் கிளிசரோல் இருக்கும், அது காயாமல் தானே ஒட்டும். சிவப்பு ஸ்பிரிற்றும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், அடுத்த மாதம் வீட்டுத் தூசி முழுவதையும் பிடித்து வைத்திருக்கும்.

பழைய ரிமோட்டின் வெளி உடம்பே பிசுபிசுவென்று கையோடு வருகிறதா? அது உங்கள் அழுக்கு அல்ல. சில வருடங்களில் பட்டுப்போல இருக்கட்டும் என்று மென்மையான பூச்சு ஒன்றைப் பூசினார்கள். அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தால் வயதாகித் தானே சிதைகிறது. மதுசாரத்தால் பொறுமையாகத் துடைத்து அந்தப் பூச்சை முழுவதுமாக எடுத்துவிடலாம், கீழே உள்ள பிளாஸ்ரிக் நன்றாகவே இருக்கும். ரிமோட்டைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வைக்கும் எங்கள் ஆட்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் அனுபவத்தில் அந்தப் பை போட்ட ரிமோட்டுகள் ஒருநாளும் திருத்த வந்ததில்லை.

இரண்டு சாமான்களில் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஒன்று, சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்கும் மெஷின். எங்கள் வீடுகளில் அது அதிகம். வெளியில் துடைக்கலாம், திறக்கக் கூடாது, பட்டன் சரியில்லை என்றால் அப்போத்தெக்கில் காட்டி வேறு எடுங்கள். மற்றது, தனியாக இருக்கும் முதியவர்கள் கழுத்திலோ கையிலோ போட்டிருக்கும் பாதுகாப்பு அலாரப் பொத்தான். அது ஒட்டினால் நகரப் பிரிவுக்கு அறிவித்து மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், அது அவர்களுடைய வேலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அம்மா, அப்பா, மாமி, பெரியப்பா யாராக இருந்தாலும், பட்டன் கைபேசி வைத்திருந்தால் அடுத்த முறை போகும்போது அதைக் கையில் எடுத்து ஒன்றைப் பத்துத் தடவை அழுத்திப் பாருங்கள். பச்சைப் பட்டனை அழுத்த வேண்டாம். சோதிப்பதற்காக 113ஐ அழைக்கவும் வேண்டாம், அங்கே வேறொருவரின் உயிர் காத்திருக்கும். திரையில் எத்தனை ஒன்று விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து என்றால் சரி. ஒன்பது என்றாலும் பதினொன்று என்றாலும் அன்றைக்கே பஞ்சுக்குச்சியை எடுங்கள். அப்படியே அமைப்புகளுக்குள் போய், ஒன்றை அழுத்திப் பிடித்தால் குரலஞ்சலுக்கு அழைப்பதை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். எல்லாக் கைபேசியிலும் முடியாது. முடிந்தால் நிறுத்திவிடுங்கள். முதியவர்களுக்கென்று செய்த கைபேசிகள் பலவற்றில் பின்பக்கத்தில் அவசரப் பொத்தான் ஒன்று இருக்கும். வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் அதில் இலக்கம் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். வெறும் பொத்தானைப் போட்டு வைத்து என்ன பிரயோசனம்?

2011 மாசியில் மாமியின் வீட்டிலிருந்து தொடங்கி, அந்தக் கட்டடங்களில் இருந்த எங்கள் பெரியவர்களின் கைபேசிகளை ஒரு சனிக்கிழமை நான் பார்த்தேன். ஒன்பது கைபேசி. மூன்றில் ஒன்று சரியாக விழவில்லை. மூன்று பேருமே அது தெரிந்துதான் இருந்தார்கள். ஒரு ஐயா சொன்னார், "நான் ஆருக்குத் தம்பி ரெலிபோன் எடுக்கப்போறன், வாறதைக் கேக்கிறதுக்குத்தானே வைச்சிருக்கிறன்" என்று. அவருடைய பட்டனைத் துடைத்து முடிய ஒரு மணித்தியாலம் போனது, அதில் துடைத்தது பத்து நிமிடம். மீதி நேரம் அவர் பேசினார், நான் கேட்டேன்.

மாமிக்கு இப்போது 88 வயது. அதே வீடுதான். கைபேசி மூன்றாவது, அதுவும் பட்டன்தான், தொடுதிரை வேண்டாம் என்று பிடிவாதம். ஒவ்வொரு ஞாயிறும் கோவிலுக்கு வெளிக்கிட முன் பத்து ஒன்று அடித்து எண்ணிப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார். பிறகு எனக்கு அழைத்து, "பத்தும் இருக்குது தம்பி" என்பார். தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் இன்னும் கைபேசிக்குப் பக்கத்தில்தான் வைக்கிறார்.